சில்லு உருட்டி வீதிகளைப் பதிந்த ஜோன் ஒகில்பி

வன்னியில் தூரத்தை இன்னமும் கட்டைக் கணக்கில் சொல்பவர்கள் இருக்கிறார்கள். வீதியோரத்தில் நட்ட மைல்கல்தான் கட்டை. கல் பெயர்ந்துபோன பிறகும், கிலோமீற்றர் பலகைகள் வந்த பிறகும், சில இடங்களுக்குக் கட்டையே பெயராக நிலைத்துவிட்டது. ஒரு கட்டை என்றால் ஒரு மைல், ஒரு மைல் என்றால் 5,280 அடி. அதில் எவருக்கும் சந்தேகம் வந்ததில்லை.

மைல் கணக்கை எங்களுக்குக் கொண்டுவந்த இங்கிலாந்திலேயே, 350 வருடங்களுக்கு முன்னர், ஒரு மைல் எவ்வளவு என்று கேட்டால் ஊருக்கொரு பதில் வந்திருக்கும். 5,280 அடிதான் ஒரு மைல் என்று 1593ஆம் ஆண்டின் சட்டம் ஒன்றில் எழுதப்பட்டிருந்தது. வீதியில் போய் வந்தவர்கள் அதைப் பொருட்படுத்தவில்லை. சனங்களின் வழக்கில் இருந்த மைல் அதைவிட நீளமானது. வடக்கே போகப் போக அது இன்னும் நீண்டது. சந்தைக்கு நடந்து போகிற கமக்காரருக்கு இதில் ஒரு பிரச்சினையும் இல்லை. தபால் குதிரைக்கு மைல் கணக்கில் காசு கொடுக்க வேண்டியவருக்கு இது பிரச்சினை. படை நடத்துபவருக்கு அதைவிடப் பெரிய பிரச்சினை.

அந்தக் குழப்பத்தை ஒரு சில்லை உருட்டித் தீர்க்கலாம் என்று புறப்பட்டவர் ஜோன் ஒகில்பி. அப்போது அவருக்கு 70 வயது. இளமையிலேயே கால் ஊனமாகியிருந்தது. அதற்கு முன்னர் போரில் ஒரு தடவை, கடலில் ஒரு தடவை, நெருப்பில் ஒரு தடவை என்று கையில் இருந்ததை எல்லாம் இழந்தவர்.

1600ஆம் ஆண்டு நவம்பரில் ஸ்கொட்லாந்தில் பிறந்தவர் ஒகில்பி. சிறுவயதில் குடும்பம் லண்டனுக்கு வந்துவிட்டது. தந்தை கடனைக் கட்ட முடியாமல் சிறைக்குப் போனார். ஒகில்பியின் இளமைக்காலம் பற்றி நாங்கள் அறிந்ததில் பெரும்பகுதி, அவரை நேரில் அறிந்திருந்த ஜோன் ஒப்ரி எழுதிவைத்த குறிப்புகளில் இருந்து வருவது. ஒப்ரிக்கு நல்ல கதைகளில் ஆசை அதிகம் என்பதை மனதில் வைத்துக்கொண்டு வாசிக்க வேண்டும். அந்தக் குறிப்பின்படி, சிறுவன் ஒகில்பி ஊசியும் சரிகைப் பொட்டும் விற்றுக் காசு சேர்த்தான். அமெரிக்காவின் வேர்ஜினியாக் குடியேற்றத்துக்கு நிதி திரட்ட நடந்த லொத்தரில் அதைப் போட்டான். பரிசு விழுந்தது. தந்தை சிறையில் இருந்து வெளியே வந்தார்.

அதன் பின்னர் அவர் ஒரு நடன ஆசிரியரிடம் தொழில் பழகச் சேர்ந்தார். அக்காலத்து இங்கிலாந்தில் நடனம் பிரபுக்களின் வீடுகளுக்குள் நுழைவதற்கான வழி. கெட்டிக்காரர், சீக்கிரமே பெயர் எடுத்தார். ஆனால் அரசவையில் நடந்த ஆட்டம் ஒன்றில் உயரத் துள்ளி விழுந்தபோது காலில் அடிபட்டது. அதன் பின் நொண்டித்தான் நடந்தார். மேடையில் ஆட முடியாவிட்டாலும் மற்றவர்களுக்கு ஆடக் கற்றுக்கொடுக்க முடிந்தது. அப்படித்தான் தோமஸ் வென்ற்வேர்த்தின் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தார். 1633இல் வென்ற்வேர்த் அயர்லாந்தை ஆளச் சென்றபோது ஒகில்பியையும் கூட்டிச் சென்றார்.

டப்ளின் நகரில் ஒகில்பி ஒரு நாடக அரங்கைக் கட்டினார். அயர்லாந்தின் முதலாவது பொது நாடக அரங்கு அதுதான். 1641இல் எல்லாம் முடிந்தது. வென்ற்வேர்த் லண்டனில் தலை வெட்டப்பட்டார். அக்டோபரில் அயர்லாந்து மக்கள் கிளர்ந்தெழுந்தார்கள். அரங்கு மூடப்பட்டது. போட்ட முதல் எல்லாம் போனது. ரத்ஃபார்ன்ஹாம் கோட்டையில் வெடிமருந்து வெடித்ததில் ஒகில்பி மயிரிழையில் உயிர் தப்பினார் என்கிறார் ஒப்ரி. இங்கிலாந்துக்குத் திரும்பிவரும்போது கப்பல் உடைந்தது. மிஞ்சியிருந்ததும் கடலோடு போனது. வெறுங்கையோடு கரையேறிய அவர், கேம்பிரிட்ஜ் நகருக்கு நடந்தே போனார்.

இந்த இடத்தில் கதையின் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். அயர்லாந்தில் ஒகில்பி இழந்தது ஒரு அரங்கை. அவர் சார்ந்திருந்த ஆட்சி, அங்குள்ளவர்களின் காணிகளைப் பறித்துக் குடியேற்றங்களை அமைத்துக்கொண்டிருந்தது. கிளர்ச்சிக்கு அது முக்கிய காரணம். கிளர்ச்சி நசுக்கப்பட்ட பின்னர் 1655, 1656 ஆண்டுகளில் வில்லியம் பெற்றி என்பவர் படையினரின் கையில் சங்கிலியைக் கொடுத்து, பறிமுதல் செய்யப்பட்ட காணிகளை அளப்பித்தார். படிப்பறிவு அதிகம் இல்லாத படையினருக்குக்கூடப் பழக்கக்கூடிய எளிய வேலைகளாக அளவையைப் பிரித்துக் கொடுத்தது பெற்றியின் திறமை. அக்காலத்துக்கு அது மிகத் திருத்தமான அளவை. அந்தத் திருத்தம் யாருக்குப் பயன்பட்டது? ஆங்கிலேயப் படையினருக்கும், போருக்குக் கடன் கொடுத்தவர்களுக்கும் காணியைப் பிரித்துக் கொடுக்க. அளவு சரியாக இருந்ததால் பறிப்பும் ஒழுங்காக நடந்தது. அளவைக் கோலைக் கண்டாலே எங்கள் சனங்களுக்கு வயிற்றைக் கலக்குவது ஏன் என்பதை இந்த வரலாற்றைப் படித்த அயர்லாந்துக்காரருக்கு விளங்கப்படுத்தத் தேவையில்லை.

கேம்பிரிட்ஜில் ஒகில்பி லத்தீன் மொழியைத் திருத்தமாகப் படித்தார். 1649இல் வேர்ஜிலை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து வெளியிட்டார். ஐம்பது வயதைத் தாண்டியபின் கிரேக்க மொழியைப் படித்து ஹோமரை மொழிபெயர்த்தார். கவிஞர் என்ற வகையில் அவருக்குப் பெரிய மதிப்பு இல்லை. பிற்காலத்தில் ட்ரைடனும் போப்பும் அவரைக் கேலி செய்தார்கள். சிறுவயதில் போப்புக்கு ஹோமர் மீது பைத்தியம் பிடித்ததே ஒகில்பியின் மொழிபெயர்ப்பைப் படித்துத்தான் என்பது வேறு விடயம். புத்தக வியாபாரத்தில் ஒகில்பி கெட்டிக்காரர். பெரிய தாள், நல்ல அச்சு, பக்கம் பக்கமாகச் செப்புத் தகட்டுச் சித்திரங்கள், முற்பணம் கட்டும் பிரபுக்களின் பெயர் சித்திரத்தின் அடியில். விற்காமல் தேங்கியவற்றை லொத்தர் வைத்துத் தள்ளிவிடுவார். 1661இல் இரண்டாம் சார்ள்ஸின் முடிசூட்டு ஊர்வலத்துக்கான கவிதைகளை அமைக்கும் பொறுப்பும் அவருக்குக் கிடைத்தது.

1666 செப்டெம்பரில் லண்டன் எரிந்தது. 13,000க்கும் அதிகமான வீடுகள் அழிந்தன. ஒகில்பியின் வீடு, புத்தகக் கையிருப்பு, பல வருடங்களாக எழுதிவந்த காவியம் ஒன்றின் கையெழுத்துப் பிரதி எல்லாம் சாம்பலாகின. கையில் மிஞ்சியது ஐந்து பவுண் என்கிறார் ஒப்ரி. வயது 65.

ஆனால் அவரை அளவைத் தொழிலுக்குள் இழுத்ததும் அந்த நெருப்புத்தான். நகரம் எரிந்து தணிந்தபின், சொந்தக்காரர்கள் திரும்பி வந்து பார்த்தால் சாம்பல் மேடு. எது யாருடைய சுவர், ஒழுங்கை எவ்வளவு அகலத்தில் இருந்தது, பக்கத்து வீட்டுக்காரர் அத்திவாரத்தை எத்தனை அடி தள்ளிப் போடுகிறார் என்று ஆயிரக்கணக்கான தகராறுகள். வழக்குகளைத் தீர்க்க 1667இல் தனி நீதிமன்றமே அமைத்தார்கள். எரிந்த இடங்களை அளந்து முளை அடிப்பதற்கு ஆட்கள் தேவைப்பட்டார்கள். பிணக்கில் இருந்த காணிகளை அளந்து குறிக்கும் வேலையில் மாநகர நிர்வாகம் ஒகில்பியையும் சேர்த்துக்கொண்டது. இருபது வருடம் கழித்து ஊருக்குத் திரும்பி, கிணற்றையும் ஒற்றைப் பனையையும் அடையாளம் வைத்து வேலியைத் தேடியவர்களுக்கு இந்த வேலை எப்படிப்பட்டது என்று நான் சொல்லத் தேவையில்லை. ஞாபகம் எவ்வளவு உறுதியாக இருந்தாலும், இரண்டு பேரின் ஞாபகம் முட்டிக்கொள்ளும்போது அளவுதான் பேச வேண்டியிருக்கிறது. ஒகில்பி தன்னுடைய மனைவியின் பேரன் வில்லியம் மோர்கனோடு சேர்ந்து, லண்டன் மாநகர் முழுவதையும் நூறு அடிக்கு ஒரு அங்குலம் என்ற அளவில் வரைபடமாக்கும் வேலையைத் தொடங்கினார்.

அடுத்தது வீதிகள். 1671இல் இரண்டாம் சார்ள்ஸிடம் அனுமதிப் பத்திரம் பெற்று, நாட்டின் பிரதான வீதிகள் எல்லாவற்றையும் அளக்கப் புறப்பட்டார்.

அதுவரை வீதிகள் பற்றி என்ன தகவல் இருந்தது? மாவட்ட வரைபடங்கள் இருந்தன. கிறிஸ்தோபர் சாக்ஸ்டன் 1570களில் வரைந்தவை. ஆறும் மலையும் ஊரும் உண்டு, வீதிகள் இல்லை. ஜோன் நோர்டன் 1625இல் ஊர்களுக்கு இடையிலான தூரங்களை அட்டவணையாகப் போட்டார். பஸ் நிலையத்தில் தொங்கும் கட்டண அட்டவணை போன்ற முக்கோண வடிவம் அது. ஆனால் அதில் இருந்தவை சனங்கள் சொல்லிக் கேட்ட தூரங்கள். பஞ்சாங்கங்களில் அச்சான வழித்தடப் பட்டியல்களும் அப்படித்தான்.

ஒகில்பிக்கு முன்னால் மூன்று வழிகள் இருந்தன. கேட்டு எழுதுவது மலிவு. உள்ளூர்க்காரருக்கு வழி தெரியும், ஆனால் அவருடைய மைல் அவருடையது. சங்கிலி பிடித்து அளப்பது திருத்தமானது. 1620இல் எட்மண்ட் குண்டர் அறிமுகப்படுத்திய 66 அடிச் சங்கிலி அப்போது நிலையாகப் புழங்கியது. ஒரு மைலுக்கு 80 தடவை அதை இழுத்து வைக்க வேண்டும். முன்னுக்கு ஒருவர், பின்னுக்கு ஒருவர், தடவைக்கு ஒரு முளை. எண்ணுவதில் ஒன்று தவறினால் 66 அடி காணாமற் போகும். காணிக்கு இது பொருந்தும். ஆயிரக்கணக்கான மைல் வீதிக்கு இதைச் செய்து முடிக்க ஒரு எழுபது வயதுக்காரருக்கு ஆயுள் போதாது.

மூன்றாவது வழி சில்லு. ஆளுயரச் சில்லொன்றை ஒருவர் நடந்தபடியே உருட்டிப் போவார். சில்லு எத்தனை சுற்றுச் சுற்றியது என்பதை அதனோடு பொருத்திய முகப்பில் முள் காட்டும். இன்னொருவர் திசைகாட்டியை வைத்து வீதி எந்தப் பக்கம் வளைகிறது என்று பார்த்துக் குறித்துக்கொள்வார். நடக்கிற வேகத்திலேயே அளவும் நடக்கும். இதிலும் பிழை உண்டு. கிடங்கில் இறங்கி ஏறினால், சேற்றில் நேராகப் போகாமல் நெளிந்தால், சில்லு கூடுதலாகச் சுற்றும். மேட்டில் ஏறும்போது அது அளப்பது சரிவின் நீளத்தை. வரைபடத்துக்குத் தேவையான கிடைத்தூரம் அதைவிடக் குறைவு. ஆக, சில்லின் பிழை பெரும்பாலும் கூடுகிற பக்கத்திலேயே விழும். ஆனால் பயணிக்கும் குதிரைக்கும் சரிவு சரிவுதானே. தேசத்தின் வடிவத்தை வரைய வேண்டுமானால் சில்லு அவ்வளவு நல்லதல்ல. ஒருவர் எவ்வளவு தூரம் போக வேண்டும் என்று சொல்ல அதைவிடப் பொருத்தமான கருவி அன்று இருக்கவில்லை. ஒகில்பி தெரிந்தேதான் அதைத் தெரிவு செய்தார் என்று நினைக்கிறேன். அவருக்கு ஆலோசனை சொன்னவர்களில் விஞ்ஞானி ரொபேர்ட் ஹூக்கும் ஒருவர்.

ஒகில்பி செய்த இன்னொரு காரியத்தையும் பாராட்ட வேண்டும். தான் அளந்த தூரத்தைப் போட்டுவிட்டு, சனங்கள் சொன்ன தூரத்தை அழித்துவிடவில்லை. நேர்கோட்டுத் தூரம், ஊர் வழக்கில் சொல்லும் தூரம், சில்லால் அளந்த தூரம் என்று மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் கொடுத்தார். ஊர்க்கணக்கைவிட அளந்த மைல்கள் எப்போதும் கூடுதலாகவே வந்தன. அவருடைய புத்தகத்தைப் பார்த்த பலருக்கு, தங்கள் ஊர் ஒரே நாளில் லண்டனில் இருந்து தள்ளிப் போய்விட்டது போல இருந்திருக்கும்.

புத்தகம் 1675இல் வந்தது. பெயர் பிரித்தானியா. 100 செப்புத் தகட்டுப் பக்கங்கள், ஒரு மைலுக்கு ஒரு அங்குலம், ஏறக்குறைய 7,500 மைல் வீதி. ஒவ்வொரு பக்கத்திலும் வீதி ஒரு நீண்ட கடதாசிச் சுருளில் வரைந்தது போல ஆறேழு நாடாக்களாக ஓடும். இடது பக்க மூலையில் கீழே தொடங்கி மேலே போய், அடுத்த நாடாவில் மறுபடி கீழே இருந்து தொடங்கும். ஒவ்வொரு நாடாவுக்கும் தனித் திசைகாட்டி. வீதி எப்படி வளைந்தாலும் பயணிக்கு அது எப்போதும் முன்னால்தான் போகும். இந்த நாடாக்களை வெட்டி ஒட்டி ஒரு நாட்டு வரைபடத்தைச் செய்ய முடியாது. இன்று கைத்தொலைபேசியில் வழி பார்க்கிறவருக்கு இந்த முறை புதிதாக இராது.

தூரத்தைவிட, வீதியில் என்னென்ன இருந்தன என்று அவர் பதிந்த விதம்தான் என்னை அதிகம் கவர்கிறது. வீதியின் இரு பக்கமும் வேலி அடைத்திருந்தால் முழுக்கோடு. வேலி இல்லாத வெளியென்றால் புள்ளிக்கோடு. பாலம் என்றால் கல்லா மரமா என்ற குறிப்பு. ஏற்றம் என்றால் குன்று நிமிர்ந்து நிற்கும், இறக்கம் என்றால் தலைகீழாகத் தொங்கும். கிளை வீதி பிரியும் இடத்தில் ஒரு சிறு துண்டை மட்டும் வரைந்து, அது எந்த ஊருக்குப் போகிறது என்று எழுதியிருக்கும். காற்றாலை, கோயில், சத்திரம், தூக்குமரம் எல்லாம் உண்டு. எந்த இடத்தில் தவறான பக்கம் திரும்பிவிடக்கூடும், எந்தத் திருப்பத்தைத் தவிர்க்க வேண்டும் என்று தனியாக ஒரு பட்டியலும் இருக்கிறது. இன்று ஒரு பிரதேச சபை தன்னுடைய வீதிப் பதிவேட்டில் நீளம், அகலம், மதகு, பாலம், எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று எழுதுகிறதே, அதன் தகப்பன் இந்தப் புத்தகம். அந்தப் பதிவேட்டில் பெயர் இல்லாத ஒழுங்கைக்குக் கிரவல் போட நிதி கேட்டு அலைந்தவர்களுக்கு அதன் பெறுமதி தெரியும்.

முகப்புச் சித்திரத்தைச் செதுக்கியவர் வென்செஸ்லாஸ் ஹொல்லர். பிராக் நகரில் பிறந்து, ஐரோப்பியப் போர்களுக்கு நடுவே நாடு மாறி நாடு மாறி லண்டனில் ஒதுங்கியவர். அதில் சில்லு உருட்டும் ஆளும் இருக்கிறார். அவர் யார் என்று தெரியாது. நொண்டிக் காலோடு எழுபது வயதில் ஒகில்பி தானே எல்லா வீதிகளிலும் நடந்திருக்க முடியாது. உருட்டியவர்கள் கூலிக்கு வந்தவர்கள். மழையிலும் பனியிலும் நாட்டை நடந்து கடந்த அவர்களில் மிகச் சிலரின் பெயர்தான் மிஞ்சியிருக்கிறது. ஒருவர் கிரகரி கிங். 1672இன் குளிர்காலத்தில் இப்ஸ்விச், மோல்டன் ஆகிய ஊர்களை அளந்தவர். பிறகு 1690களில் இங்கிலாந்தின் சனத்தொகையை 55 இலட்சம் என்று கணக்கிட்டுப் புகழ்பெற்றார்.

சில்லோடு கூடவே ஒகில்பி வேறொரு முறையையும் முயன்றார். 1673இல் ஹூக், ஒப்ரி, கிங் போன்றவர்கள் கூடியிருந்து ஒரு கேள்விக்கொத்தைத் தயாரித்தார்கள். ஒவ்வொரு மாவட்டத்திலும் உள்ள சந்தை, பாலம், சுரங்கம், பழைய கட்டடம், விசித்திரங்கள் பற்றி உள்ளூர்ப் பெரியவர்கள் எழுதி அனுப்ப வேண்டும் என்பது திட்டம். சரே மாவட்டத்துக்கு ஒப்ரியே நேரில் போனார். அவர் சேகரித்தவை ஒகில்பியின் புத்தகத்தில் ஏறவில்லை, ஒப்ரி இறந்தபின் 18ஆம் நூற்றாண்டில்தான் அச்சாகின. கேள்விக்கொத்தை நம்பித் திட்டமிட்ட மற்றத் தொகுதிகள் வரவே இல்லை. சில்லை நம்பிய தொகுதி மட்டும் வந்தது. கேள்வி கேட்டு எழுதுவது தவறான முறை என்று இதை வைத்துச் சொல்லிவிட முடியாது. பதில் எழுதுபவருக்கு ஏன் எழுதுகிறோம் என்று தெரிய வேண்டும், வந்த பதிலைப் போய்ச் சரிபார்க்க ஆளும் வேண்டும். ஒகில்பியிடம் இரண்டுக்கும் காசும் காலமும் இல்லை.

புத்தகத்தில் சந்தேகத்துக்கு இடமான விடயங்களும் உண்டு. 26,000 மைலுக்கு மேல் அளந்ததாக ஒகில்பி சொல்கிறார். அச்சில் வந்தது அதில் மூன்றில் ஒன்றுக்கும் குறைவு. மிச்சம் எங்கே? சில வீதிகளை மறுபடியும் அளந்திருக்கலாம். புத்தகம் விற்பவரின் மிகைப்படுத்தலாகவும் இருக்கலாம். எனக்கு இரண்டாவதில்தான் கொஞ்சம் நம்பிக்கை.

அதைவிட முக்கியமானது எந்த வீதியைத் தெரிந்தெடுத்தார் என்பது. புத்தகத்தின் முதல் வீதி லண்டனில் இருந்து அபெரிஸ்ட்வித்துக்குப் போகிறது. அன்று வேல்ஸ் கரையில் அது ஒரு சிறிய ஊர். தொடக்கமாக வைக்க அப்படி என்ன முக்கியம்? 1670இல் இரண்டாம் சார்ள்ஸ் பிரான்ஸ் மன்னனோடு ரகசிய உடன்படிக்கை ஒன்றைச் செய்திருந்தார். தன் நாட்டுக்குள்ளேயே பிரெஞ்சுப் படையின் உதவியைப் பெற அதில் இடமிருந்தது. படை இறங்கவும் நகரவும் தேவையான வீதிகளை அரசனுக்காக அளந்ததுதான் இந்தப் புத்தகம் என்று அண்மைக்காலத்தில் வாதிடுபவர்கள் இருக்கிறார்கள். அதை முடிந்த முடிவாக ஏற்றுக்கொள்வதற்கு நேரடி ஆவணம் தேவை. ஆனால் வீதியின் வேலியும் வெளியும், பாலத்தின் கல்லும் மரமும் பயணிக்கு எவ்வளவு தேவையோ, அவ்வளவு படைக்கும் தேவை. ஏ9 வீதியோடு வாழ்ந்த எங்களுக்கு இது புதிய சங்கதி அல்ல. அளக்க அனுமதி கொடுத்தவர் அரசன். எந்த வீதி அச்சுக்குப் போக வேண்டும் என்பதில் அரசனின் கை எவ்வளவு இருந்தது என்று புத்தகம் சொல்வதில்லை.

பேர்விக்கோடு வடக்கு வீதி நின்றுவிடுகிறது. ஒகில்பி பிறந்த ஸ்கொட்லாந்து புத்தகத்தில் இல்லை. வாழ்வின் நல்ல காலத்தைக் கொடுத்துப் பறித்த அயர்லாந்தும் இல்லை.

1676 செப்டெம்பர் 4ஆம் திகதி ஒகில்பி இறந்தார். பிளீட் வீதிப் பக்கத்தில் உள்ள புனித பிரைட் தேவாலயத்தில் அடக்கம் செய்தார்கள். 1666 நெருப்பில் எரிந்து, அப்போதுதான் திரும்பக் கட்டித் திறந்திருந்த தேவாலயம் அது. லண்டன் மாநகர வரைபடத்தை மோர்கன் முடித்து 1677இல் வெளியிட்டார்.

வீதிப் புத்தகம் பெரியது, விலை கூடியது, குதிரையில் கொண்டுபோக முடியாதது. 1719, 1720 ஆண்டுகளில் வேறு அச்சகத்தார் அதைச் சட்டைப்பைக்கு அடங்கும் அளவில் சுருக்கி விற்றார்கள். அதன் பிறகுதான் அது உண்மையில் வீதியில் புழங்கியது. 5,280 அடி மைல் கொஞ்சம் கொஞ்சமாகப் பழைய மைல்களைத் தள்ளியது. சுங்க வீதிகள் வந்தபோது அந்த மைல் கல்லில் ஏறியது. பின்னர் கப்பலேறி இங்கேயும் வந்து கட்டையானது. 1790களில் பிரித்தானியத் தபால் திணைக்களம் வீதிகளைப் புதிதாக அளக்க வேண்டும் என்று முடிவெடுத்து, ஜோன் கேரி என்ற வரைபடக்காரரை அமர்த்தியது. 120 வருட முன்னேற்றத்துக்குப் பிறகு கேரியின் ஆட்களும் ஒரு சில்லை உருட்டிக்கொண்டுதான் லண்டனில் இருந்து புறப்பட்டார்கள்.